பாண்டீஸ்வரன் கட்டிய பயக்காப்பு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது ஒரு பக்கக் காது கேட்காத பிள்ளையின் கதை. எட்ட உட்கார்ந்தால் உங்களுக்கும் கேட்காமல் போய்விடும். உங்களில் சின்னவர்களுக்குத் தலை நரைக்கிற காலத்தில்தான் இது நடக்கப்போகிறது. ஆனாலும் நடந்து முடிந்த மாதிரியே சொல்கிறேன், அப்போதுதான் சொல்கிற எனக்கும் நம்பிக்கை வரும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கதையில் அதை ஒளித்து வைத்துக்கொண்டு கேட்பவர் வயிற்றைக் கலக்குவது எனக்குப் பிடிக்காது. பிள்ளையின் அப்பாவுக்குத்தான் என்னென்னவோ ஆகும். அதைக் கேளுங்கள்.

திண்டுக்கல் வெங்காய மண்டியில் ஏலம் கூறுகிறவன் பாண்டீஸ்வரன். அந்தக் காலத்தில் எடை போடவும் மூட்டை தூக்கவும் எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஏலம் கூறவும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். அது இனிமையாக, ஒரே சீராக விலை சொல்லியது. வியாபாரி ஒருவர்கூட நம்பவில்லை. தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னால்தான் அது விலை என்று அவர்களுக்கு எண்ணம். ஆகையால் சின்ன வெங்காயத்துக்கு மட்டும் மனிதத் தொண்டைதான் என்று ஆகிப்போனது. அந்தத் தொண்டைகளில் பாண்டீஸ்வரனுடையது முதல் தரம். மண்டியின் இந்தக் கோடியில் அவன் வாயைத் திறந்தால், அந்தக் கோடியில் லாரிக்கடியில் படுத்திருக்கிற நாய் எழுந்து இடம் மாறும்.

கஷ்டம் என்னவென்றால், அவனிடம் வேறு தொண்டை இல்லை. வீட்டுக்கு வந்தாலும் அதையேதான் கொண்டுவருவான். "ரசத்துல உப்பு கம்மி" என்று அவன் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி தன் ரசத்தை ருசி பார்ப்பாள்.

அவன் மகள் இதழினி, ஆறு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திரும்பவில்லையே என்று அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவான். அதற்கும் திரும்பாவிட்டால் அதற்கு மேலும். கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சர்தான் கண்டுபிடித்தாள், பிள்ளைக்கு இடது காது மந்தம் என்று. பாண்டீஸ்வரன் வருத்தப்பட்டான். ஆனால் வருத்தத்துக்கு நடுவிலும் மனைவி சுகந்தியிடம், "பாத்தியா, நான் சத்தமாப் பேசுனது சரியாப்போச்சு" என்று சொல்லிக்கொண்டான்.

காதின் சவ்வுக்குப் பின்னால் கோந்து மாதிரி நீர் சேர்ந்திருக்கிறது. சவ்வில் சின்னதாக ஒரு துளை போட்டு, நெல் முனை அளவுக்கு ஒரு குழாய் வைத்தால் சரியாகிவிடும். காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர் மெஹருன்னிசா. ஆனால் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இரண்டு முறை பிள்ளைக்குச் சளி பிடித்துத் தேதி போனது. இந்த முறையும் போனால் மழைக்காலம் முடிந்துதான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஓடிவிடும். பாதிப் பாடம்தான் காதில் விழுந்து, இதழினி ஏற்கெனவே மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்படியாக ஒருநாள் காலை, பிள்ளை, அப்பா, அம்மா, அத்தை என்று நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அத்தை பாண்டீஸ்வரனின் அக்கா காளீஸ்வரி. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவள் இல்லை.

சுவரெல்லாம் மீன் வரைந்த ஓர் அறையில் அவர்களை உட்கார வைத்து, சிஸ்டர் ஜெபக்கனி இரண்டு சாம்பல் நிறக் காப்புகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பார்க்க ரப்பர் வளையல் மாதிரிதான் இருந்தன.

"இதுக்குப் பெரிய பேர் ஒண்ணு இருக்கு. எங்க வாய்ல பயக்காப்புதான்" என்றாள் சிஸ்டர். "பயந்த பிள்ளைக்கு மயக்க மருந்து கூடுதலாப் பிடிக்குது சார். அழுது, திமிறி, முழிச்ச பெறகும் ரெண்டு நாளைக்கு அலறும். அதனால பிள்ளையோட பயத்தை வழிச்சு எடுத்து, பெத்தவங்க ஒருத்தர் உடம்புல வச்சுடுறோம். சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும்."

"திருப்பி எதுக்குங்கம்மா?" என்றாள் காளீஸ்வரி. "தலையைச் சுத்தி முச்சந்தியில போட்டுட்டுப் போறது."

"போட முடியாதும்மா. பயமே இல்லாத பிள்ளை ரோட்டைப் பாக்காமத் தாண்டும். ஓடுற மெஷின்ல கையை விடும். வேணும்மா அது. ஒரு நாள் கடன்தான் இது."

"கழட்டிட்டா?"

"கழட்டவே கூடாது. காப்புக் கட்டுனவங்க ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவும் கூடாது. தாண்டுனா பயம் அம்புட்டும் ஒரே மூச்சுல பிள்ளைகிட்ட போயிடும். அன்னிக்கு ஆபரேஷன் கெடையாது."

"அப்ப மாரியம்மன் காப்பு மாதிரின்னு சொல்லுங்க. கட்டிட்டா ஊர் எல்லை தாண்டக் கூடாது."

"அதேதாம்மா. கவிச்சி மட்டும் சாப்பிடலாம்."

சுகந்தி பேசாமல் கையை நீட்டினாள். பாண்டீஸ்வரன் அந்தக் கையை ஒதுக்கிவிட்டுத் தன் கையை நீட்டினான். அறையில் இருந்த மீன்களெல்லாம் கேட்கும்படி, "பயம்னா எனக்கு என்னன்னே தெரியாது சிஸ்டர். எனக்குக் கட்டுங்க" என்றான்.

"அதான் சார் வேணும். காலிச் சாக்குலதான் நெறையக் கொட்டலாம்."

சுகந்தி முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொள்கிற மாதிரி திரும்பி, மறைத்துச் சிரித்தாள்.

காப்புகள் இரண்டும் மெல்லச் சூடாயின. இதழினி ஒரு கொட்டாவி விட்டாள். பாண்டீஸ்வரனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏறலையே சிஸ்டர்."

"ஏறிடுச்சு சார். பயத்துமேல பேர் எழுதியிருக்காது. எதுக்குப் பயப்படுறாளோ அது எதுத்தாப்புல வந்தாத்தான் உங்களுக்கே தெரியும்."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். நடையில் ஒரு பையன் பலூன் வைத்திருந்தான். பாண்டீஸ்வரனின் சிரிப்பு நின்றுபோனது. அந்தப் பலூன் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பதும், உலகத்தில் யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை என்பதும் அவனுக்குச் சட்டென்று புரிந்தது. சுவரோடு ஒட்டி நடந்தான். லிஃப்ட் திறந்தது. லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் கறுப்பாக ஒரு சந்து. அதில் கால் போய்விடும் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. "நான் படியில வர்றேன்" என்றான்.

"மூணு மாடிங்க" என்றாள் சுகந்தி.

"உடம்புக்கு நல்லது."

இதழினியோ வேறு பிள்ளையாக இருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் அம்மாவின் சேலைக்குள் ஒண்டுகிற அந்தப் பிள்ளை, காவலாளியிடம் போய், "உங்க மீசைக்கு என்ன தடவுறீங்க?" என்று கேட்டாள். கட்டுப் போட்ட தாத்தா ஒருவரிடம், "வலிக்குதா, இல்ல சும்மா படுத்திருக்கீங்களா?" என்று விசாரித்தாள். பிறகு அத்தையின் பையைத் துழாவி முறுக்குப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. சுகந்தி ஒரு முறை முறைத்தாள். எத்தனையோ கலியாண வீடுகளில், எத்தனையோ பந்திகளில் பலித்த முறைப்பு அது. இதழினி அதைப் பார்த்துக்கொண்டே பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள்.

"என்னங்க, என் முறைப்பு வேலை செய்யலை" என்றாள் சுகந்தி, கலவரத்தோடு.

"எனக்கு வேலை செஞ்சுதுடி" என்றான் பாண்டீஸ்வரன். அவன் நாற்காலியில் நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேறு வழியில்லாமல் சுகந்தி மகள் பக்கத்தில் குந்தி, வலது காதோரம் வாய் வைத்து, தூங்கும்போது சாப்பாடு மேலே ஏறி மூச்சுக் குழாயில் போனால் என்ன ஆகும் என்று முழுசாக எடுத்துச் சொன்னாள். இதழினி கேட்டுவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று நூலை மறுபடியும் கட்டினாள்.

பிறகு காளீஸ்வரி டீ குடிக்கப் போனாள். அவள் போன நேரத்தில் சின்ன டாக்டர் ஒருத்தி வந்து, இதழினியின் இடது காதுக்குப் பின்னால் நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். எந்தக் காதில் ஆபரேஷன் என்பதற்கு அடையாளம். "தண்ணியில அழியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காளீஸ்வரி திரும்பி வந்தாள். அப்போது பாண்டீஸ்வரனுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை போய், கை உலர்த்துகிற இயந்திரம் திடீரென்று உறுமியதில் ஈரக் கையோடு வெளியே ஓடி வந்திருந்தான்.

"நீ வாசல்ல வந்து நில்லு, போதும்" என்றான் சுகந்தியிடம்.

"ஆம்பளைங்க பாத்ரூம் வாசல்லயா?"

"உள்ளேருந்து கூப்பிடுவேன். இருக்கேன்னு சொல்லு."

இருவரும் போனார்கள். பிள்ளையும் அத்தையும் தனியாக. காளீஸ்வரி மருமகளின் தலையைக் கோதிவிட்டாள். காதுக்குப் பின்னால் அந்த நீல வட்டத்தைப் பார்த்தாள்.

"எவடி இந்தத் திருஷ்டிப் பொட்டு வச்சது?"

"டாக்டர் அக்கா."

"நல்ல மனசுதான். ஆனா பழக்கம் பத்தலை. நீலத்துல யாராச்சும் வைப்பாகளா? அதுவும் கோணலா. நம்ம வீட்டு வழக்கம் வலப்பக்கம்ல."

டாக்டர் சொன்னது உண்மைதான். அந்த மை தண்ணீரில் அழியாது. ஆனால் காளீஸ்வரியின் பையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. எண்ணெய் தொட்டு, முந்தானையால் நாலு தேய்ப்பு. வட்டம் போன இடம் தெரியவில்லை. பிறகு வீட்டில் காய்ச்சிய கண்மையை மோதிர விரலில் எடுத்து, வலது காதுக்குப் பின்னால், அச்சு மாதிரி ஒரு வட்டப் பொட்டு வைத்தாள். நெற்றியில் வைத்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அழிக்கச் சொல்லுவார்கள் என்ற முன்யோசனை வேறு. சுகந்தியும் பாண்டீஸ்வரனும் திரும்பி வந்தபோது அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவும் இல்லை.

சொன்ன நேரம் தாண்டியது. டாக்டர் மெஹருன்னிசாவே வெளியே வந்தார். "முந்தின ஆபரேஷன் கொஞ்சம் இழுத்துடுச்சு. இன்னும் காத்திருக்கணும்."

இந்த மாதிரி இடத்தில் பாண்டீஸ்வரன் என்ன செய்வான் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ரேஷன் கடை, பஸ், பள்ளிக்கூட ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் செய்தவன். சுகந்தி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். காளீஸ்வரி வழக்கம்போல் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரன் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். மார்பு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

அப்போதுதான் பெரிய பயம் எதிரே வந்தது. பலூனுக்கு வந்தது, சந்துக்கு வந்தது எல்லாம் இதற்கு முன் விளையாட்டு. அவனுடையது இல்லாத ஒரு நினைப்பு, சின்னச் சின்ன வார்த்தைகளில், அவனுக்குள்ளேயே ஓடியது: அப்பா கத்தப் போறாங்க. டாக்டருக்குக் கோவம் வரும். டாக்டர் கையில கத்தி இருக்கு. அப்பறம் என் காதை என்ன செய்வாங்க?

வாய் திறந்தபடியே நின்றது. உள்ளே இழுத்த மூச்சை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பரவாயில்லைங்கம்மா" என்றான் கடைசியில். "மெதுவா வாங்க."

டாக்டர் தலையசைத்துவிட்டுப் போனார். சுகந்தி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஏப்பா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் காளீஸ்வரி, ஏமாற்றத்தோடு.

அவன் சுகந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் தன் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு ஊசிக்குப் பயம் இல்லடி. ஆபரேஷனுக்கும் பயம் இல்ல" என்றான். "நான் கத்துவேன்னுதான் பயம்."

சுகந்தி ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கத்துவீங்களே."

அவன் மறுபடியும் வேட்டிக் கரையைப் பார்த்தான். சுகந்தி மெல்லச் சொன்னாள்: "நாங்க ரெண்டு பேரும் 'மண்டி தொறந்தாச்சு'ன்னு சொல்லிக்குவோம். உங்க வண்டிச் சத்தம் எனக்குக் கேக்கும். அவளுக்குக் கேக்காதுல்ல, திடுக்குன்னு உங்க குரல் வந்து விழும். அதான் நான் முன்னாடியே தொட்டுச் சொல்லிடுவேன்."

"ஏதாச்சும் வேணும்னா என் சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டுத்தான் கேப்பா" என்றான் பாண்டீஸ்வரன். "மரியாதைன்னு நெனச்சுட்டேன்."

அந்த நேரத்தில் சிஸ்டர் ஜெபக்கனி தள்ளுகட்டிலோடு வந்துவிட்டாள். இதழினி தானே ஏறிப் படுத்துக்கொண்டு, "போகலாம்" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை காப்புக் கட்டினவர் மட்டும் வரலாம் என்பது விதி. சுகந்தியும் காளீஸ்வரியும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள்.

தியேட்டர் வாசலில் டாக்டர் மெஹருன்னிசா முகமூடியோடு நின்றிருந்தார். பிள்ளையின் தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"வலது பக்கம் மார்க் போட்டிருக்கு. ஃபைல்ல இடதுன்னு இருக்கு."

சிஸ்டரும் குனிந்து பார்த்தாள். இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

"ரெண்டும் ஒத்து வராம நான் தொட மாட்டேன்" என்றார் டாக்டர். "மார்க் எப்படி மாறிச்சுன்னு பெத்தவங்க தெளிவாச் சொல்லணும். அது தெரிஞ்சா மறுபடி காதைப் பாத்து நானே போட்டுக்குவேன். தெரியலைன்னா இன்னிக்கு நிறுத்திட வேண்டியதுதான். மழை முடிஞ்சு வாங்க."

பாண்டீஸ்வரன் எட்டிப் பார்த்தான். கறுப்பாக, அச்சு மாதிரி, வட்டமாக ஒரு பொட்டு. அவனுக்குத் தெரியாத பொட்டா? மீசை முளைக்கிறவரை அவன் சுமந்த பொட்டு. உலகத்தில் ஒரே ஒரு மோதிர விரலால்தான் அந்த வட்டம் வரும்.

வேறு நாளாக இருந்தால் அங்கிருந்தே "காளீஸ்வரீ" என்று ஒரு குரல் கொடுத்திருப்பான். கண்ணாடிக் கதவு இருந்திருக்காது. இன்றைக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை. கத்தி வைத்திருக்கிறவர் முன்னால் நிற்கிறார், அவர் முகம் சரியில்லை, இந்த நேரத்தில் குரல் எழும்பக் கூடாது என்று உள்ளே அந்தச் சின்ன நினைப்பு அழுதது. பேசாவிட்டாலோ மழைக்காலம். பிள்ளைக்கு இன்னொரு வருஷம் மக்குப் பட்டம்.

"அத்தைதான் வச்சாங்க" என்றாள் இதழினி, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து. "டாக்டர் அக்கா வச்சது நல்லா இல்லையாம்."

"பாப்பா சொன்னா போதாதுடா. அப்பா சொல்லட்டும்."

ஆறு வயசுப் பிள்ளை இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் என்னிடம் வந்து பென்சில் கேட்டாள் என்று பாண்டீஸ்வரன் நினைத்துப் பார்த்தான். எப்படி என்று அவனுக்குத் தெரியும். கையை நீட்டி மகளின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டான். தரையைப் பார்த்தான்.

"எங்க அக்கா..." என்றான்.

"கேக்கலை சார். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

பிறந்ததிலிருந்து இந்த வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவன் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"எங்க அக்கா வச்ச திருஷ்டிப் பொட்டுங்கம்மா அது. உங்க ஆளுங்க போட்ட மார்க்கைப் பொட்டுன்னு நெனச்சு அழிச்சிருக்கு. கண்ணு படக் கூடாதுன்னுதான் செஞ்சிருக்கும். மன்னிச்சுக்குங்க. பிள்ளைக்கு இடது காதுதாங்க. எவ்வளவு சத்தமாக் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் கேக்காது. கூப்பிட்டுப் பாத்தவன் நான்தான்."

டாக்டரின் முகமூடி லேசாக ஆடியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிஸ்டர் கொடுத்த கருவியால் இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்து நிதானமாகப் பார்த்தார். கேட்கும் சோதனைத் தாளையும் எடுத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து இடது காதுக்குப் பின்னால் தானே வட்டம் போட்டார்.

"இது எங்க பொட்டு. இதை யாரும் தொடக் கூடாது" என்றார். "சிஸ்டர், அந்தப் பொட்டை அழிச்சுட்டு நெத்தியில வச்சு விடுங்க. அங்க இருந்தா எனக்குக் குழப்பம் இல்லை, அவங்க அத்தைக்கும் மனசு ஆறும்."

"டாக்டர், அந்தப் பெரிய லைட்டை யார் தொடைப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இதழினி உள்ளே போனாள். அப்பாவின் கை காலியாக நின்றது.

அதற்குப் பிறகு நடந்த காத்திருப்பைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நின்ற எல்லோருக்கும் அது தெரியும். காப்புக் கட்டாதவர்களுக்கும் அந்தப் பயம் சரிசமமாகத்தான் வரும். காளீஸ்வரி நடந்ததைக் கேட்டதும் ஒரு மூலையில் போய்ச் சாமி கும்பிட ஆரம்பித்தாள். யாரும் திட்டிவிட முடியாதபடி நெடுநேரம் கும்பிட்டாள்.

பிள்ளை நல்லபடியாக வெளியே வந்தது. கண் விழித்தது. தண்ணீர் குடித்தது. சாயங்காலம் மீன் வரைந்த அறையில் மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

"சிஸ்டர்" என்றான் பாண்டீஸ்வரன், காப்பைத் தடவிக்கொண்டே. "இதை நானே வச்சுக்கிறேனே."

"விதி இல்லை சார்."

"பலூன், லிஃப்டு எல்லாத்தையும் குடுத்துடறேன். அந்த ஒண்ணை மட்டும்."

"பிரிச்சு எடுக்க முடியாது. மூட்டையா வாங்குனீங்க, மூட்டையாத்தான் குடுக்கணும். மண்டிக்காரருக்கு நான் சொல்லணுமா?"

காப்புகள் சூடாகி ஆறின. வெளியே நடையில் ஒரு பலூன் வெடித்தது. இதழினி அலறிப்போய் அம்மாவின் மடியில் முகம் புதைத்தாள். பயம் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பாண்டீஸ்வரன் பலூன் சத்தத்துக்கு அசையவில்லை. ஆனால் எட்டப் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டான். பிள்ளை தன்னைப் பார்த்ததும் அந்த மடிக்குள் இன்னும் ஒண்டிக்கொள்ளுமோ என்று அவனுக்கு நெஞ்சு அடித்தது. அது காப்பில் வந்ததில்லை. சொந்தப் பயம்.

இதழினி மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். இறங்கினாள். நடந்து வந்து அவன் முன்னால் நின்றாள். சுண்டு விரலை விட்டுவிட்டு முழுக் கையையும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஐஸ்கிரீம் வேணும். டாக்டர் சாப்பிடலாம்னுட்டாங்க."

சிஸ்டர் ஜெபக்கனி காப்புகளை அளந்து காட்டுகிற கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சார் இது, எடை குறையுது. காலையில வாங்குனதுல ஒரு நல்ல பங்கு திரும்பி வரலை."

"வெங்காயம் ஒரு நாள் வெயில்ல கெடந்தாலே காஞ்சு எடை கொறையும்மா."

"இது கொஞ்சம் கொஞ்சமாக் காயலை சார். ஒரே எறக்கமா எறங்கியிருக்கு." அவள் கருவித் திரையில் ஓடிய கோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். "தியேட்டர் வாசல்ல நின்னப்ப. அங்க என்ன நடந்துச்சு?"

பாண்டீஸ்வரன் யோசித்தான்.

"ஒண்ணும் நடக்கலைங்க" என்றான். "பேசுனேன். அவங்க கேட்டாங்க."

வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்கள். காளீஸ்வரி ஓட்டுநர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள், திட்டு விழுந்தால் முதலில் இறங்கி ஓட வசதியாக. ஆனால் யாரும் அவளைத் திட்டவில்லை. இதழினி அப்பா மடியில். தூரத்து ரயில் சத்தம், தோசைக்கல் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாண்டீஸ்வரனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவில் மறந்துவிட்டான். ஐஸ்கிரீம் கடை கண்ணில் பட்டதும், மண்டியில் கடைசி விலை கூறுகிற குரலில், "அண்ணே, நிப்பாட்டுங்க" என்றான்.

ஓட்டுநர் பதறியதில் ஆட்டோ குலுங்கி, நிற்காமல் ஓடியது. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் ஒரு நாய் எழுந்து இடம் மாறியது.

இதழினி இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அம்மாவின் சேலையைத் தேடவில்லை. அண்ணாந்து அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா. எனக்கு இப்பக் கேக்குது."

பாண்டீஸ்வரன் வாயை மூடினான். பிறகு, தியேட்டர் வாசலில் கண்டெடுத்த குரலில், "அண்ணே, அந்தக் கடைகிட்ட கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா?" என்றான். அது ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. ஆட்டோ கடையைத் தாண்டிப் போய்விட்டது. அப்புறம் நாலு பேரும் இறங்கித் திரும்பி நடந்து வந்துதான் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். காளீஸ்வரி இரண்டு சாப்பிட்டாள், ஒன்று கண்ணு படாமல் இருக்க.

இதுதான் கண்ணுகளா கதை. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கட்டும். கேட்கிற காதுக்கு இதமான குரலும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க நேர்ந்தாலும் போன தலை அத்தனையும் சாயங்காலமே திரும்பி வரட்டும். வேண்டியதை முகம் பார்த்துக் கேட்கிற பிள்ளைகளும், கேட்டதும் குனிகிற பெரியவர்களுமாக உங்கள் வாசல் என்றும் நிறைந்திருக்கட்டும்.